பஸ் கையெழுத்து

எங்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் வரலாற்றை ஆண்டு விழா மலருக்கு எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். நான்கு பக்கம் போதும், படங்களுக்கு இடம் விட வேண்டும் என்றார்கள். கூட்டக் குறிப்புகளை எழுதிய மினிட் புத்தகங்கள் ஏழும் என் வீட்டு பீரோவில்தான் இருக்கின்றன. முதல் ஐந்தும் என் கையெழுத்து. நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த நாளிலிருந்து உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் புத்தகத்திலுள்ள ஒரு வரியைப் பற்றி நான் அதில் எழுதவில்லை. இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது.

விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் மத்தூரிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது தொழிற்பேட்டையில் பாதி மனைகளில் கேழ்வரகு அறுத்த தாள் நின்றது. மீதிப் பாதியில் ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சேர்ந்தேன். கடைந்து வரும் உருளைகளை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்க்க வேண்டும். அளவு சரியென்றால் பச்சைத் தட்டு, இல்லையென்றால் சிவப்புத் தட்டு. மூன்றாவது தட்டு கிடையாது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அந்த நாட்களில் ஒவ்வொரு பேக்டரி வாசலுக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கொடி. பக்கத்து கேட்டில் ஆட்களை வெளியே தள்ளினால் இந்த கேட்டில் இருப்பவர்கள் வேறு கொடிதானே என்று டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பொறுக்காமல் கேட் கேட்டாக நடந்தவர் ஒருவர். கிருஷ்ணகிரியில் மண்டி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, கல்லாவில் உட்கார மனமில்லாமல் லேத் பிடிக்க வந்தவர். எல்லோருக்கும் அவர் பாய். எல்லா சங்கங்களுக்கும் பொதுவாக ஒரு வக்கீல், ஒரு அறை, ஒரு மெகாபோன் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பார். கொடி எந்த நிறம் என்று மூன்று கூட்டங்கள் சண்டை போட்டோம். கடைசியில் கொடியே வேண்டாம், பலகை போதும் என்று முடிவாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடையின் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறையில் அந்தப் பலகையை மாட்டினோம். பாய் பொதுச்செயலாளர். நான் துணைச்செயலாளர். அதாவது எழுத்தர்.

கவுன்சில் என்று நாங்கள் சொன்ன கூட்டம் ஞாயிறு மதியம் நடக்கும். சூளகிரி பாதையிலிருந்து, ராயக்கோட்டையிலிருந்து, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்தெல்லாம் பிரதிநிதிகள் வருவார்கள். ஒருவர் வீட்டில் தெலுங்கு, ஒருவர் வீட்டில் கன்னடம், ஒருவர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். பாய் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். முக்கியமான கேள்வி என்றால் பேக்டரி பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அந்தந்தப் பிரதிநிதி எழுந்து தனக்கு வரும் பாஷையில் பதில் சொல்லலாம். நான் அதைத் தமிழில் ஒரே வார்த்தையில் எழுத வேண்டும். “அவனவன் வீட்டுப் பாஷையில சொன்னாத்தான் பொய் வராது” என்பார் பாய்.

இதற்காகவே நான் கன்னடம் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் எங்கள் பேக்டரி செக்யூரிட்டி என்னைப் பார்த்து “பன்னி, பன்னி” என்று கைநீட்டியபோது முகம் சிவந்துவிட்டது. “வாங்கன்னு மரியாதையாக் கூப்பிடறாருய்யா, கோவிச்சுக்காத” என்று பக்கத்து மெஷின்காரன் சிரித்தான். அன்றைக்கே ஒரு பாக்கெட் நோட்டு வாங்கினேன். இடது பக்கம் கன்னடச் சொல், வலது பக்கம் தமிழ். மூன்றாவது வருஷத்தில் நோட்டு தேவைப்படவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

இன்னொரு வழக்கம், பாய் கொண்டுவந்ததல்ல, தானாக வந்தது. கூட்டம் முடிந்ததும் நான் மினிட்டை வாசிப்பேன். கேட்டுவிட்டு எல்லோரும் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் தளி பஸ்ஸும் ராயக்கோட்டை பஸ்ஸும் எங்கள் வாசிப்புக்குக் காத்திருக்காது. அதனால் சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்கள், நான் எழுதி முடிப்பதற்கு முன்பே பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அதற்குப் பஸ் கையெழுத்து என்று பெயர் வைத்திருந்தோம். “யார்யார் பஸ் கையெழுத்து, வாங்க” என்று நான் கூப்பிடுவதும், அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டே வந்து குனிவதும் வழக்கமாகிவிட்டது. அதிலுள்ள தவறு என் கண்ணில் படவில்லை. ஒரு உருளையின் மேல் மயிரிழை ஏற்றத்தைக் கண்டுபிடிக்கும் கண்.

தளிக்காரர் என்று நான் இனிமேல் சொல்லப்போகிறவர், தகடு அழுத்தும் ஒரு பேக்டரியின் பிரதிநிதி. தளியை ஒட்டிய கிராமம். வீட்டில் கன்னடம். அதிகம் பேசமாட்டார். கூப்பிட்டால் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவார். எப்போதும் கன்னடத்தில்தான். எனக்கு அவர் பதிலை எழுதுவது பிடிக்கும். நோட்டு பார்க்காமல் எழுதினேன் என்று மனசுக்குள் ஒரு தட்டு தட்டிக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வார்ப்பு ஆலையில் சில தொழிலாளர்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். உலைக்கு அருகில் நிற்பவர்களுக்குத் தோல் செருப்பு கேட்டதுதான் தொடக்கம். அவர்களுக்கு ஆதரவாக எல்லா பேக்டரிகளும் ஒரு நாள் வேலையை நிறுத்துவது என்று பேச்சு வந்தது. கூட்டமைப்புக்கு அதுதான் முதல் பெரிய சோதனை. பாய் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்: எந்த பேக்டரியும் கேட் மீட்டிங் போட்டு, தொழிலாளிகளைக் கேட்டு, அதன்பிறகுதான் வந்து பதில் சொல்ல வேண்டும். தலைவர்கள் தாங்களே முடிவெடுக்கக் கூடாது.

அந்த ஞாயிறு நல்ல மழை. ஷீட்டின் மேல் ஆணி கொட்டுவதுபோல் சத்தம். பாய் பெயர்களைக் கூப்பிட்டார். “வியாழக்கிழமை முதல் ஷிப்ட், உங்க பேக்டரி சேருமா?” ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் சேரும், சேரும் என்று எழுதிக்கொண்டே வந்தேன். நடுவில் சூளகிரி பாதை பேக்டரிக்காரர், முதல் ஷிப்டா மூன்று ஷிப்டுமா என்று ஒரு வழக்கைக் கிளப்பினார். பாய் அவரிடம் வாதாடிக்கொண்டே அடுத்த பெயராகத் தகடு பேக்டரியைக் கூப்பிட்டார். டீ வந்தது. தளிக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்து, “ஆகலிங்க” என்றார். பிறகு குனிந்து பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

கன்னடத்தில் ஆகலி என்றால் ஆகட்டும், அப்படியே செய்யலாம். அவர் பேக்டரிக்கு நேராக ‘சேரும்’ என்று எழுதினேன்.

மற்றவர்கள் மழை விடும்வரை இருந்தார்கள். நான் பட்டியலை வாசித்தேன். ஒரு ‘சேராது’கூட இல்லை. ராயக்கோட்டைக்காரர் மேசையைத் தட்டினார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுதியிருந்தது அந்த அறையில் எல்லோரும் கேட்க ஆசைப்பட்டது. அதனால் யாரும் எதையும் திரும்பக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் தொழிற்பேட்டை அமைதியாக இருந்தது. எங்கள் கேட் மூடியிருந்தது. சைக்கிளில் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தேன். தகடு பேக்டரி வாசலுக்கு வந்தபோது உள்ளே பிரஸ் அடிக்கும் சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. முதல் ஷிப்ட் முழுசாக உள்ளே போயிருந்தது.

அடுத்த ஞாயிறு தளிக்காரர் வந்தார். வராமல் இருந்திருக்கலாம். படியேறும்போதே சூளகிரி பாதைக்காரர் ஆரம்பித்தார்.

“வாய்யா வா. கையெழுத்துப் போட்டுட்டு கையக் கழுவிட்ட இல்ல?”

“நா எங்கங்க ஒத்துக்கிட்டேன்?” என்றார் தளிக்காரர்.

“பாரு, பாரு. கருங்காலிக்கு வாயப் பாரு.”

வேலைநிறுத்தத்தை உடைத்து உள்ளே போகிறவனைச் சொல்லும் சொல் அது. ஒருமுறை ஒருவன் மேல் ஒட்டினால் அவன் பிள்ளை கல்யாணம் வரைக்கும் வரும். தளிக்காரரின் முகம் கறுத்துப்போயிற்று. நிதானமாகத் தமிழிலேயே சொன்னார்: “எங்க கேட்ல பாதிப் பேரு வேணாங்கறாங்க. அதனால இன்னும் முடிவாகலன்னுதான் அன்னிக்கு சொன்னேன். இவருகிட்டத்தான் சொன்னேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் புத்தகத்தைத் திறந்து வரியைக் காட்டினேன். சேரும். கீழே அவர் கையெழுத்து. பிறகு சொன்னேன், குரலை உயர்த்தாமல், மிகத் தெளிவாக: “முடிவாகலன்னு ஒரு வார்த்தைய நீங்க சொல்லவே இல்லீங்க.”

அது உண்மை. அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை.

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கிளம்பும்போது பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அவருக்கு அடி இரண்டு பக்கமும் விழுந்தது என்று பிறகு தெரிந்தது. மற்ற பேக்டரிக்காரர்கள், ஒத்துக்கொண்டு ஏமாற்றினான் என்றார்கள். அவருடைய சொந்தத் தொழிலாளிகளோ, எங்களைக் கேட்காமல் எங்கள் தலையை எப்படி அடகு வைத்தாய் என்றார்கள். புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறதாம் என்று அந்த கேட்டிலும் செய்தி போய்விட்டது. பிரதிநிதி பொறுப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காருவதில்லை என்று அங்கிருந்து எங்கள் பேக்டரிக்குச் சரக்கு கொண்டுவரும் டிரைவர் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு அவர் ஒரு மேசைக்குப் போனால், அங்கிருப்பவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்களாம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மாலை. நான் சொன்னது சரிதான் என்பதை எனக்கே மறுபடி நிரூபித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. என் சொந்த டைரியை எடுத்தேன். மினிட்டில் முடிவு மட்டும்தான் இருக்கும். டைரியில் நான் வார்த்தைகளையும் எழுதுவேன். அந்த ஞாயிற்றுக்குக் கீழே இப்படி இருந்தது: ‘கன்னட ஆகலியோடு நம் பக்கத்து ங்க சேர்த்து, ஆகலிங்க என்றார். நல்ல சேர்க்கை. ஓசூர்ப் பேச்சுக்கு உதாரணம்.’

ரசித்து எழுதியிருக்கிறேன். சரிதான் என்று மூடப்போனேன். மூடவில்லை. அவர் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்தேன். ஆகலிங்க. கொஞ்சம் இழுத்து, ஆகலிங்க. அறைக்குள் நடந்துகொண்டே நாலைந்து தடவை சொல்லியிருப்பேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்: “என்னாங்க ஆகல? சோறுதானே? இன்னும் ரெண்டு விசில் இருக்குது, அதுக்குள்ள என்ன பறக்கறீங்க?”

நின்றுவிட்டேன். அவளும் மத்தூர்ப் பக்கம்தான். நாங்கள் இருவரும் பிறந்ததிலிருந்து பேசும் பாஷை. வேலை ஆகலிங்க, பஸ் வரலிங்க, பணம் கிடைக்கலிங்க. பிறந்த பாஷையில் ‘இன்னும் ஆகவில்லை’ என்று ஒருவர் சொன்னதை, படித்த பாஷையில் ‘ஆகட்டும்’ என்று கேட்டிருக்கிறேன். வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. கன்னடம் தெரியாத தமிழன் சரியாக எழுதியிருப்பான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து நேராகப் பாயிடம் போனேன். அவர் ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். முழுவதையும் கேட்டார். முதலில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“நிச்சயமா?”

“டைரியில வார்த்தை இருக்குது பாய்.”

“வார்த்தை இருக்குது. அர்த்தம் எதுன்னு அதுல இருக்கா?”

“அவரே சொன்னாரே, முடிவாகலன்னு.”

பாய் டீயை இறக்கி இரண்டு டம்ளரில் ஊற்றினார். “தம்பி, அந்தப் புத்தகம் இப்ப எங்க இருக்குது?”

“வக்கீல்கிட்ட.”

“எதுக்கு?”

எதற்கென்று எனக்குத் தெரியும். தொழிலாளர் அதிகாரி முன்னால் சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கூட்டமைப்பு என்பது யாரையும் பிரதிநிதித்துவப்படுத்தாத வெளியாட்கள் கும்பல், மிரட்டித்தான் கேட்டை மூடினார்கள் என்று ஆலைத் தரப்பு சொன்னது. இல்லை, ஒவ்வொரு பேக்டரியும் தானே முடிவெடுத்துச் சொன்னது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தப் பக்கம்.

“அதுல ஒரு வரி தப்புன்னு நாமளே போய்ச் சொன்னா, மத்த வரியெல்லாம் என்னான்னு கேப்பானா மாட்டானா? உலை முன்னாடி நின்னவங்க வீட்ல அடுப்பு எரியல, தம்பி. இவருக்கு வேலை போகல. பேருதான் போயிருக்குது. பேச்சு முடியட்டும். நானே அவரு கைய புடிச்சு மன்னிப்புக் கேக்கறேன்.”

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் நிம்மதி இல்லை.

அந்த மாதங்களில் நான் சரியாக இல்லை. பச்சைத் தட்டில் போட்ட உருளையை மறுபடி எடுத்து அளப்பேன். அளவு அதேதான். மறுபடி போடுவேன். சூப்பர்வைசர் “என்னய்யா, அதுக்கு ஜுரமா? இத்தன தடவ பாக்கற?” என்றார். வீட்டில் உட்கார முடியாமல் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருவேன். திரும்பி வந்ததும் மறுபடி செருப்பை மாட்டுவேன்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தளிக்காரர் நின்றார். என்னைப் பார்த்துவிட்டார். ஒதுங்க வழியில்லை. சைக்கிளில் போன ஒருவன் வேகத்தைக் குறைக்காமல் “கருங்காலி, பஸ்ஸு வந்துருச்சு” என்று கத்திவிட்டுப் போனான். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் கேட்டார்:

“சார், அன்னிக்கு நீங்க எழுதனது நா சொன்ன வார்த்தையா, இல்ல உங்க வார்த்தையா?”

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று புரிந்தது. இரண்டு மாதமாக அவரும் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

“மினிட்ல முடிவு மட்டும்தாங்க எழுதறது” என்றேன்.

அவர் தலையசைத்தார். “சரி சார்.” பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

அந்தப் பதிலை அன்று டைரியில் எழுதினேன். எழுதிவிட்டு, டைரி எழுத ஆரம்பித்த பிறகு முதல்முறையாக, ஒரு பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை.

பேச்சு முடிந்தது. வார்ப்பு ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தோல் செருப்பும் கொடுத்தார்கள். ஆர்டர் அதிகமாக வந்துவிட்டது, உலைக்குப் பழகிய ஆள் வேண்டியிருந்தது என்று வக்கீல் சொன்னார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, “இத யாரும் பிரிச்சே பாக்கலங்க. நான் மேசை மேல வெச்சதோட சரி” என்றார். நான் போட்டுக் கொடுத்த நூல் முடிச்சு அப்படியே இருந்தது.

அன்று மாலையே பாயிடம் போனேன். அவர் சொன்ன சொல் மாறவில்லை. “எழுதிடுங்க. கவுன்சில்ல நா சொல்லறேன்” என்றார். நான் நேர்த்தியாகத் திருத்தம் எழுதினேன்: ‘மேற்படி பேக்டரிப் பிரதிநிதியின் பதில் தவறுதலாகக் கேட்கப்பட்டு, தவறுதலாகப் பதிவாகியுள்ளது. இன்னும் முடிவாகவில்லை என்பதே சரியான பதில்.’ கவுன்சிலில் யாரும் எதிர்க்கவில்லை. சூளகிரி பாதைக்காரர் மட்டும் “ஒரு எழுத்துக்கா இவ்வளவும்?” என்றார். திருத்தத்தில் சம்பந்தப்பட்டவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு அடுத்த ஞாயிறு நான் தளி பஸ் ஏறினேன். பாய் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

அவர் வீட்டு முன்னால் ரோட்டோரம் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி எட்டிப் பார்த்து “பன்னி, கூத்கொள்ளி” என்று உட்காரச் சொன்னார். யார் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரா தெரியவில்லை. தளிக்காரர் உள்ளேயிருந்து வந்தார். பனியனோடு இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

நடந்ததைச் சொன்னேன். ஆகலி, ஆகலிங்க, இரண்டையும் சொல்லிக் காட்டினேன். அவர் மனைவி வாசல்படியில் நின்று கேட்டார். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, வேறெதுவுமா என்று நான் பார்க்கவில்லை.

தளிக்காரர் இறங்கிப் போய்க் காயும் கேழ்வரகைக் காலால் கிளறிவிட்டார். பிறகு, “அன்னிக்கு நா தமிழ்ல சொல்லணும்னு நெனச்சு சொன்னேன் சார்” என்றார். “அதுக்கு முந்தின கூட்டத்துல நா கன்னடத்துல சொன்னப்ப, மீட்டிங்க பெங்களூர்ல வெச்சுக்கலாமான்னு ஒருத்தர் என்னக் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சீங்க. சரி, நம்மளால எதுக்கு, இனிமே தமிழ்லயே சொல்லலாம்னு.”

நானும் அன்று சிரித்திருக்கிறேன். டைரியில் அது இல்லை.

அவர் எனக்காகத் தமிழுக்கு வந்திருக்கிறார். நான் அவருக்காகக் கன்னடத்துக்குப் போயிருக்கிறேன். ஒருவர் வீட்டில் ஒருவர் இல்லாத நேரம் பார்த்து இருவரும் கதவைத் தட்டியிருக்கிறோம்.

புத்தகத்தைத் திறந்து பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “மொதல்ல ஓதுங்க. ஓதாம இனிமே நா எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல.”

வாசித்தேன். தவறுதலாகக் கேட்கப்பட்டு என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

“யாரால கேக்கப்பட்டு?”

“என்னாலதாங்க.”

“அது அதுல இல்லையே. கேக்கப்பட்டுன்னா எப்படி? காத்து கேட்டுச்சா, மழை கேட்டுச்சா? ஆளப் போடுங்க சார். என் கையெழுத்துல ஆளு இருந்துச்சில்ல?”

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். என் மினிட் புத்தகத்தில் அடித்தல் கிடையாது. அதுதான் முதல் அடித்தல். கீழே எழுதினேன்: ‘துணைச்செயலாளராகிய நான் தவறாகக் கேட்டேன். தவறாக எழுதினேன். பிறகு தெரிந்தும் மூன்று மாதம் சொல்லவில்லை.’ கடைசி வாக்கியத்தை அவர் கேட்கவில்லை. வாக்கியத்தில் ஆள் வந்த பிறகு அது தானாக வந்துவிட்டது.

வாசித்துக் காட்டினேன். மனைவிக்குக் கன்னடத்திலும் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்று மாதம் என்றபோது அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

“இது சரி” என்றார் அவர். “ஆனா இதுல நா எதுக்குக் கையெழுத்துப் போடணும்? இது உங்க தப்பு. நீங்க போடுங்க.”

போட்டேன். பக்கத்தில் அவருக்காக ஒரு கோடு இழுத்திருந்தேன். அது காலியாகவே இருக்கிறது.

கிளம்பும்போது ரோடுவரை வந்தார். “கவுன்சில்ல படிச்சீங்கன்னு சொல்லறீங்க. கவுன்சில்ல என்ன ஒரு நாள்தான் திட்டுனாங்க. கேட்ல தெனமும் திட்டறாங்க. அங்க வந்து படிங்க.”

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். முதல் ஷிப்ட் முடிந்து இரண்டாம் ஷிப்ட் உள்ளே போகும் நேரம் தகடு பேக்டரி வாசலுக்குப் போனேன். கேட்டுக்கு எதிரே சாக்கடைமேல் ஒரு கல்பாலம். அதன்மேல் ஏறி நின்று புத்தகத்தைத் திறந்தேன். பாய் மெகாபோன் கொடுத்திருந்தார். அதைப் பையிலிருந்து எடுக்கக் கை வரவில்லை. சங்கு ஊதியது. கேட் திறந்து ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே போகிறவர்கள் எதிரே வந்தார்கள். நான் வாசிக்க ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேகமாக வாசித்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். ஏதோ சீட்டுக் கம்பெனிக்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து, பஸ் ஸ்டாண்டுக்கும் பேக்டரிக்கும் ஓட்டும் சைக்கிளின் ஹேண்டில்பாரில் டிபன் பையைத் தொங்கவிட்டபடி, தளிக்காரர் சொன்னார்: “சார், ஏனும் கேக்கல. ஜோராகி ஓதி.”

ஒன்றும் கேட்கவில்லை, சத்தமாகப் படியுங்கள் என்கிறார். சிலர் சிரித்தார்கள். இந்தமுறை மெகாபோனை எடுத்தேன். தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். உள்ளே போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். வாட்ச்மேன் நேரமாச்சு நேரமாச்சு என்று கத்தினார்.

“அப்ப அந்தாளு ஒத்துக்கவே இல்லையா?” என்றான் ஒருவன்.

“இல்லீங்க. அவர் சரியாத்தான் சொன்னாரு.”

“இத சொல்ல மூணு மாசமா? நல்லா இருக்குதுய்யா உங்க சங்கம்” என்றார் வயதான ஒருவர். துப்பிவிட்டு உள்ளே போனார். தளிக்காரர் அதற்குள் சைக்கிளில் ஏறியிருந்தார். கூட்டத்தோடு கூட்டமாகப் போனார். அவருக்கு அருகில் ஒரு சைக்கிள் வந்து சேர்ந்ததா, அல்லது முந்திப்போனதா என்று எட்டிப் பார்த்தேன். வளைவில் தெரியவில்லை.

அவர் மறுபடி கூட்டமைப்புக்கு வரவில்லை. அந்தப் பேக்டரியிலிருந்து வேறொருவர் வந்தார். பஸ் கையெழுத்தை நிறுத்திவிட்டோம். பஸ் போனாலும் போகட்டும் என்று கடைசிவரை இருக்கவைத்தோம்.

டிரைவரிடம் நான் விசாரித்துக்கொண்டே இருந்தேன். நான் வாசித்ததற்கு மறுநாள் கேன்டீனில் அவர் மேசைக்கு இரண்டு பேர் போனார்களாம். அதற்கு அடுத்த நாள் ஒருவர். அடுத்த வாரம் மூன்று பேர், அதில் ஒருவர் பாதியில் எழுந்துவிட்டாராம், சாப்பாடு முடிந்ததாலா வேறு காரணமா தெரியாது என்றார். ஒருநாள் டிரைவர் சலித்துக்கொண்டார்.

“எதுக்கு சார் எண்ணிக்கிட்டே இருக்கறீங்க?”

“அந்த மேசை நிறையணுமில்ல. அதுல எத்தன பேர் உக்காரலாம்?” என்று கேட்டேன்.

“எட்டுப் பேர்.”